மரக்காரின் அச்சில் எண்ணெய் விடாதீர்கள்

சரிவுப் பலகையில் விட்டதும் உருண்டு ஓடும் சின்ன மரக்காருக்கு என்ஜின் கிடையாது. பலகையின் உயரம் தருகிற வேகம்தான் அதற்கு எல்லாம். அதை அச்சில் உராயவிட்டு இழந்தால் திரும்பக் கிடைக்காது. 1953-இல் கலிபோர்னியாவில் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய பந்தயத்தில் ஆணிதான் அச்சு, எடை 5 அவுன்ஸுக்குள், அதாவது ஏறக்குறைய 142 கிராமுக்குள். கும்பகோணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் செய்வதும் அதே அமைப்புதான்.

சக்கரம் சிக்கினால் உடனே தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். மாட்டுவண்டிக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போடுவதைப் பார்த்த பழக்கம். மூட்டை மூட்டையாக நெல் ஏற்றும் வண்டிக்கு அது சரி. கைக்குள் அடங்கும் காருக்கு அந்தப் பிசுபிசுப்பே பிரேக் மாதிரி. தை மாத அறுவடையில் வைக்கோல் தூசி பறக்கும்போது எண்ணெய் பட்ட அச்சு ஒரே நாளில் அழுக்கு அடைத்து நிற்கும்.

போட வேண்டியது கிராஃபைட் தூள். பென்சிலைச் சுரண்டிப் போடாதீர்கள், அதில் களிமண் கலந்திருக்கிறது. ஐப்பசி மழையில் தூள் நமத்துப் போகாதா என்று கேட்கிறார்கள். கிராஃபைட் என்பது கார்பன் அடுக்குகள். காற்றின் ஈரம் கொஞ்சம் ஒட்டியிருந்தால்தான் அவை நன்றாக வழுக்கும். நம் ஊர்க் காற்று அதற்குத் தோதானதுதான். ஈரத்தில் கெடுவது மரம். மழைக்காலத்தில் அது உப்பி, ஆணி மெல்லச் சாய்ந்துவிடும். அதனால் காரைத் தரையில் போடாமல் பரணில் வையுங்கள், பந்தயத்துக்கு முன்னால் அச்சை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் எந்தத் தூளும் கரடுமுரடான ஆணியைக் காப்பாற்றாது. கடையில் வாங்கிய ஆணியை அப்படியே அடிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கொண்டைக்குக் கீழே விரல் நகத்தால் தடவினால் மெஷின் பிடித்த தழும்பு தட்டுப்படும். ஆணியை டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, முதலில் மெல்லிய அரத்தால் அந்தத் தழும்பைத் தேயுங்கள். அப்புறம் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, 400, 600, 1000 என்று எண் கூடக் கூட நைசானதாகத் தண்ணீர் தொட்டு வரிசையாக மாற்றிப் பிடியுங்கள். கண்ணாடி போல மின்னும்வரை நிறுத்த வேண்டாம். இதில் அரைமணி நேரம் போனாலும் வீணில்லை. கழுவித் துடைத்த பிறகுதான் தூள்.

துளை போடாமல் ஆணியைச் சுத்தியால் அடித்தால் மரம் பிளக்கும், அச்சும் கோணும். கோணிய அச்சில் சக்கரம் மரத்தில் போய் உரசும். சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி வேண்டும். அதைவிட அதிகமானால் சக்கரம் ஆடும்.

கடைசியாகக் காரைக் கையில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டுங்கள். மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கிற சக்கரம் நல்லது. ஒரே இடத்தில் வெடுக்கென்று நின்றால் அந்த ஆணியை மறுபடி கழற்றுங்கள்.