பெரிய கேம்ஷாஃப்ட் போட்டும் டிரக் ஏன் இழுக்கவில்லை?

டிரக் இன்ஜினுக்கு வலுவேற்ற நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டில்தான். அதிலும் கிடைப்பதிலேயே பெரியதை வாங்கிவிடுகிறார்கள். நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கி எழுப்பும் ஓசையை வலிமை என்று நம்புகிறார்கள். பாரத்தோடு மேடேறும்போதுதான் உண்மை தெரிகிறது.

பெரிய கேமில், அதாவது வால்வை அதிக உயரமும் அதிக நேரமும் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்டில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் அது திறந்தே இருக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது காற்று தன் வேகத்தாலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். 2,000 சுற்றில் அந்த வேகம் இல்லாததால் வந்த வழியே திரும்பிவிடும். பாரம் இழுக்கும் வண்டிக்கோ உயிர்நாடியே குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசைதான். இரண்டு கேம்களுக்கு இடையே தயக்கம் வந்தால் சிறியதையே எடுங்கள் என்பேன்.

காற்று வரும் வழியையும் கேமோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நீண்ட குழாய்கள் கொண்ட இன்டேக் மேனிஃபோல்டு குறைந்த சுற்றுக்கு ஏற்றது. அதன்மேல் 6,500 சுற்றுக்கான கேமைப் போட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வால்வுகள் அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டில் 12 மி.மீ. வால்வுத் திறப்புக்கு மேல் காற்றோட்டம் கூடவில்லை என்றால், 15 மி.மீ. திறக்கும் கேமால் வால்வை மூடும் ஸ்பிரிங்தான் வீணாக உழைக்கும்.

என்னை மிகவும் வருத்துவது, புதிய கேமோடு பழைய ஸ்பிரிங்கையே மாட்டுவது. இன்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 42 முறை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர் கேமை விட்டு எழும்பும், வால்வு தன் இருக்கையில் மோதித் துள்ளும். முற்றினால் பிஸ்டனிலேயே இடிக்கும். அதற்காகக் கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைத் தேடுவதும் தவறு. உருளை இல்லாத தட்டை லிஃப்டர் உள்ள இன்ஜினில் அது, லிஃப்டரைத் தள்ளும் கேமின் முகட்டையே தேய்த்துவிடும். கேம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அழுத்தமே அளவு.

அந்த அழுத்தமும் ஸ்பிரிங்கைப் பொருத்தும் உயரத்தைப் பொறுத்தது. வால்வு இருக்கையைச் செதுக்கிய பிறகு வால்வின் தண்டு சற்று மேலேறி நிற்கும். ஸ்பிரிங் 1.5 மி.மீ. கூடுதலாக நீண்டால், மி.மீ.க்கு 60 நியூட்டன் கொண்ட ஸ்பிரிங்கில் 90 நியூட்டன் குறைந்துவிடும். அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய வளையம் வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 45 மி.மீ. உயரத்தில் பொருத்திய ஸ்பிரிங் 30 மி.மீ.யில் சுருள்கள் ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 13.5 மி.மீ. திறப்புக்கு 1.5 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும், அதற்கும் குறைப்பது நல்லதல்ல. லிஃப்டரின் அசைவைப் பெருக்கி வால்வுக்குத் தரும் நெம்புகோலான ராக்கரின் விகிதத்தை 1.6இலிருந்து 1.7ஆக மாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 8 மி.மீ. முகட்டுக்குத் திறப்பு 12.8இலிருந்து 13.6 மி.மீ. ஆகிவிடும்.

கடைசியாக, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி. பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய களிமண்ணை அப்பி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, இன்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். முட்டினால் வலிந்து திருப்பாதீர்கள். ஹெட்டைத் திறந்து, வால்வு பதிந்த குழியைக் கத்தியால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளவிடுங்கள். இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச அளவு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டரோடு இதைச் செய்தால் லிஃப்டர் அமுங்கி, இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டும். அளவெடுக்கும்போது மட்டும் அமுங்காத லிஃப்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.