ஒழுகும் பைப்பைக் கையால் பார்த்துத் திருத்துவது எப்படி? விழிப்புலனற்றவர்களுக்கான வீட்டுத் திருத்த வேலை

வன்னியில் பைப் ஒழுகுவதற்கு முதற் காரணம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்பு கூடிய தண்ணீர் கேத்திலின் அடியில் விடுகிற அதே வெள்ளைப் படிவைப் பைப்பின் உள்ளேயும் விடும். அந்தப் படிவின் துணிக்கையோ தாங்கியிலிருந்து வரும் மணலோ வாசரின் (தண்ணீரை அடைக்கும் சிறு இறப்பர் வட்டு) அடியில் சிக்கினால் பைப் முழுதாக மூடாது. மூடவில்லையே என்று வீட்டில் உள்ள எல்லோரும் பலம்கொண்ட மட்டும் திருகுவார்கள். இறப்பர் வெட்டுப்படும். அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் ஒழுக்கு நிற்காது.

தொடக்கத்துக்கு இந்த வேலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பைப்பின் உட்பக்கம் கண் தெரிந்தவருக்கும் சரியாகத் தெரியாது. அனுபவமுள்ள வேலையாளும் கடைசியில் சின்னவிரலை உள்ளே விட்டுத்தான் பார்ப்பார். இங்கே "பைப்" என்பது திறந்து மூடும் பாகம். சுவருக்குள் ஓடுவது "குழாய்".

சாமான்கள்

அட்ஜஸ்ட் ஸ்பனர் ஒன்று (8 அங்குல நீளம் போதும்), தட்டை ஸ்குறூ டிரைவர் ஒன்று, நட்சத்திர வாய் ஸ்குறூ டிரைவர் ஒன்று, குறடு, பழைய பல் தூரிகை, வினாகிரி, அரை அங்குலப் பைப் வாசர் 2, த்ரெட் டேப் ஒரு சுருள், பழைய துணி, ஒரு முட்டைத் தட்டு, ஒரு பழைய சுளகு.

சுளகு கட்டாயம் வேண்டும். ஸ்குறூ கைதவறிச் சீமெந்து நிலத்தில் விழுந்தால் துள்ளி எங்கோ ஓடிவிடும். பனையோலைச் சுளகில் விழுந்தால் அந்த இடத்திலேயே கிடக்கும், விழுந்த சத்தமும் கேட்கும். மூன்று பக்கமும் விளிம்பு இருப்பதால், திறந்த வாயை உங்கள் வயிற்றுப் பக்கம் வைத்து வேலை செய்யலாம். அரிசி புடைக்கிற சுளகை எடுத்துவிடாதீர்கள். இரும்புத் துகளும் கறளும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

முட்டைத் தட்டு, கழற்றியதை வரிசையாக வைக்க. முதலில் கழற்றியது இடப்பக்க மேல் மூலைக் குழியில், அடுத்தது அதன் வலப்பக்கக் குழியில். பூட்டும்போது பின்னாலிருந்து எடுத்து வந்தால் வரிசை பிழைக்காது.

ஸ்குறூ டிரைவர்களைப் பிரித்தறியப் பழைய சைக்கிள் ரியூப்பை 5 மில்லிமீற்றர் அகலத்தில் வளையமாக வெட்டிப் பிடியில் மாட்டுங்கள். தட்டை வாய்க்கு 1 வளையம், நட்சத்திர வாய்க்கு 2. நுனியைத் தடவி அறியலாம்தான், ஆனால் ஒரு கை பைப்பைப் பிடித்திருக்கும்போது அதற்கு வசதி இராது. வளையம் வழுக்காமலும் இருக்கும்.

அட்ஜஸ்ட் ஸ்பனரின் வாயில் ஒரு தாடை அசையாது, மற்றது அசையும். நட்டில் மாட்டி, சக்கரத்தை உருட்டி, ஆட்டம் முழுதும் நிற்கும்வரை இறுக்குங்கள். பிறகு ஸ்பனரை மேலும் கீழும் சற்று ஆட்டிப் பாருங்கள். "டக்" என்று சிறு ஆட்டம் கேட்டால் இன்னும் இறுக்க வேண்டும். இழுக்கும் பலம் அசையாத தாடையில் விழும்படி மாட்டி இழுங்கள். ஆட்டத்தோடு இழுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கும். மழுங்கிய பித்தளை நட்டை எந்த ஸ்பனரும் பிடிக்காது.

திசை பற்றி ஒரு சொல். "வலம்", "இடம்" என்று சொன்னால், பைப் உங்களை நோக்கி இருக்கிறதா, மேல்நோக்கி இருக்கிறதா என்பதில் குழம்பும். போத்தல் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றப்போகும் பாகத்தின் வெளிமுனையில் உள்ளங்கையை வைத்தால், மூடி இறுகும் பக்கம்தான் இறுகும் பக்கம், மூடி திறக்கும் பக்கம்தான் கழரும் பக்கம். கீழே எல்லா இடத்திலும் இப்படியே சொல்கிறோம்.

தண்ணீரை நிறுத்துதல்

தாங்கியிலிருந்து வரும் குழாயில் வால்வு இருக்கும். நீண்ட கைபிடி உள்ள வகையென்றால் கையால் தொட்டதும் தெரியும். கைபிடி குழாயோடு ஒரே நேராகக் கிடந்தால் திறந்திருக்கிறது, குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சக்கரம் உள்ள வகையென்றால் மூடி இறுகும் பக்கம் நிற்கும்வரை திருகுங்கள். பல காலம் தொடாத சக்கர வால்வு படிவால் இறுகிக் கிடக்கும். ஸ்பனர் போட்டு உடைக்காதீர்கள். சற்றுத் திறந்து, சற்று மூடி, திரும்பத் திரும்ப அசைத்தால் இளகும். இளகாவிட்டால் மோட்டார் போடாமல் தாங்கியை வெறுமையாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி ஒழுகும் பைப்பை முழுதாகத் திறந்து விடுங்கள். தண்ணீர் வடிந்து, சொட்டும் நின்று, உள்ளே காற்று இழுக்கும் சத்தம் ஓய்ந்த பிறகும் 2 நிமிடம் பொறுங்கள். மெல்லிய ஒழுக்கு தொடர்ந்தால் வால்வு முழுதாக மூடவில்லை. அந்த நிலையில் தலைப்பாகத்தை (கைபிடியும் தண்டும் உள்ள, பைப் உடலிலிருந்து கழரும் மேற்பகுதி) கழற்றினால் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

வாசர் மாற்றும் முறை

1. பைப் என்ன வகை என்று முதலில் அறியுங்கள். பல சுற்றுத் திருகி மூடுவது வாசர் வகை. கால் சுற்றில் திடமாக நிற்பதில் வாசர் இல்லை, உள்ளே செறமிக் தட்டு இருக்கும். அது ஒழுகினால் உட்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். பிளாஸ்ரிக் பைப் என்றால் மெனக்கெடாமல் புதிது வாங்கிப் பூட்டுங்கள்.

2. கீழே தண்ணீர் வடிந்து போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து, சுளகை நேர் கீழே வையுங்கள். பைப்பைத் திறந்த நிலையிலேயே விடுங்கள். மூடிய நிலையில் தலைப்பாகத்தைக் கழற்றினால் வாசர் விளிம்போடு அழுத்தியபடி திரும்பி எல்லாம் இறுகிக்கொள்ளும்.

3. கைபிடிக்கும் பைப் உடலுக்கும் இடையில் தடவுங்கள். இரண்டு நட் இருக்கலாம். மேலே சிறியது தண்டின் கசிவை நிறுத்துவது. அதைத் தொடவேண்டாம். கீழே பெரியதுதான் கழற்ற வேண்டியது. நட் கைக்கு அகப்படாமல் மணி போன்ற உறை மூடியிருந்தால், கைபிடியின் உச்சியில் ஒரு சிறு மூடி இருக்கும். தட்டை ஸ்குறூ டிரைவரால் கிளப்பி, உள்ளே இருக்கும் ஸ்குறூவைக் கழற்றி, கைபிடியை மேலே இழுத்துவிட்டு உறையைக் கழற்றுங்கள்.

4. ஒரு கையால் பைப் உடலை இறுகப் பிடித்து, மற்றக் கையால் ஸ்பனரை இழுங்கள். உடலைப் பிடிக்காமல் இழுத்தால் பைப் முழுவதும் திரும்பி, சுவருக்குள் இருக்கும் பிவிசி எல்போ (குழாய் வளையும் இடத்துப் பிளாஸ்ரிக் மூட்டு) வெடிக்கும். அப்புறம் சுவர் உடைக்க வேண்டிவரும். வேறெந்தப் பிழையும் இவ்வளவு செலவு வைக்காது. கையில் பலம் போதாவிட்டால் குறட்டைத் துணி சுற்றிப் போட்டுப் பிடியுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

5. தலைப்பாகம் கழன்றதும் அதன் அடியில் நடுவில் ஒரு சிறு தட்டும் அதில் இறப்பர் வாசரும் இருக்கும். இல்லாவிட்டால் தட்டு பைப் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. குறட்டால் எடுங்கள். வாசரின் முகத்தைத் தடவினால் வட்டமான பள்ளம் தெரியும். இறப்பர் கல்லாக இறுகியிருக்கும், அல்லது ஓரம் பொடிந்திருக்கும். கடைக்குப் போகையில் பழைய வாசரையும் கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிட ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் தடவிப் பார்ப்பது நிச்சயமானது.

6. பைப் உடலுக்குள் சின்னவிரலை விட்டு, வாசர் அமரும் வட்ட விளிம்பை ஒரு முறை சுற்றித் தடவுங்கள். மெதுவாகத் தடவுங்கள், ஓரம் சில வேளை கூர்மையாக இருக்கும். கரடுமுரடாக இருந்தால் படிவு. நகம் ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் பித்தளை அரிபட்டிருக்கிறது. அப்படியென்றால் புது வாசரும் சில வாரத்தில் ஒழுகும். பைப்பை மாற்றுவதே மேல். படிவு மட்டுமென்றால் வினாகிரியில் நனைத்த துணியை அரை மணித்தியாலம் உள்ளே அடைத்து வைத்துப் பல் தூரிகையால் தேயுங்கள். தலைப்பாகத்தின் மரையையும் தேயுங்கள். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும்.

7. புது வாசரைத் தட்டில் போடுங்கள். சிறு நட் வைத்த வகையென்றால் இறப்பர் பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வாசர் அகப்படாவிட்டால் செருப்பு இறப்பரை வெட்டிப் போடும் வழக்கம் இங்கே உண்டு. அது மிருதுவானது, கொஞ்ச நாளில் நசிந்துவிடும். சந்தை நாள்வரை தாங்கினால் சரி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. தலைப்பாகத்தைத் திரும்பப் பூட்டும்போது, அதை மரையில் நேராக வைத்து முதலில் கழரும் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் "டிக்" என்று சற்று இறங்கும். மரையின் தொடக்கம் அது. அங்கிருந்து இறுகும் பக்கம் கையால் 3 சுற்றுச் சுற்றுங்கள். இலகுவாகப் போனால் சரி. முதற் சுற்றிலேயே இறுகினால் கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்ப வையுங்கள். கையால் நிற்கும்வரை போன பிறகே ஸ்பனர், அதுவும் கால் சுற்று.

9. பைப்பை மூடி, வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரே வேகத்தில் திறந்தால் குழாயில் இருந்த படிவு உடைந்து வந்து புது வாசரின் அடியிலேயே சிக்கும். பைப்பை அரை நிமிடம் நன்றாக ஓடவிட்டு மூடுங்கள். மென்மையாக மூடினாலே நிற்க வேண்டும்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

பால்மாப் பேணி ஒன்றைப் பைப்பின் கீழ்க் கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் கேட்கும். நட்டைச் சுற்றிக் கசிகிறதா என்று அறிய ஈரக் கையால் தடவிப் பயனில்லை. உலர்ந்த பத்திரிகைத் துண்டை நட்டைச் சுற்றி 10 நிமிடம் கட்டி வைத்துப் பிறகு கசக்குங்கள். உலர்ந்த தாள் சரசரக்கும், நனைந்தது ஓசையில்லாமல் துவளும்.

நீரிழிவாலோ பழைய காயத்தாலோ விரல் நுனியில் உணர்வு குறைந்தவர்கள் பத்திரிகையை உதட்டில் வைத்துப் பார்க்கலாம். பைப் விளிம்பைத் தடவ விரலுக்குப் பதில் ஈர்க்கு ஒன்றைச் சுற்றிவர விட்டால், பள்ளத்தில் அது தட்டுப்படும்.

தண்டின் ஓரமாகக் கசிந்தால் மேலே இருக்கும் சிறிய நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். கைபிடி திருக இறுக்கமாக வந்தால் கூடிவிட்டது. பாதித் திறந்தபோது உறுமுகிற சத்தம் வந்தால் தட்டிலே வாசர் தளர்வாக இருக்கிறது. சுவரும் பைப்பும் சேரும் இடத்தில் கசிந்தால் பைப்பை முழுதாகக் கழற்றி த்ரெட் டேப் சுற்ற வேண்டும். மரை உள்ள முனையை உங்கள் பக்கம் பிடித்து, அதற்கு மூடி போட்டு இறுக்குகிற பக்கமாகவே 8 முதல் 10 சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கூடச் சுற்றினாலும் பிவிசி வாய் பிளக்கும்.

கதவுப் பிணைச்சல் ஆடினால்

கையை மட்டும் நம்பிச் செய்யக்கூடிய இன்னொரு வேலை இது. கதவின் அடியில் மடித்த பத்திரிகையைச் செருகிப் பாரத்தைத் தாங்கச் செய்யுங்கள். ஸ்குறூக்களை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கதவு காலில் விழும். துளைக்குள் மரப் பசை தடவிய ஈர்க்குத் துண்டுகளை நெருக்கமாகத் திணித்து, மட்டத்தோடு ஒடித்து, ஒரு இரவு காயவிட்டு அதே ஸ்குறூவை ஏற்றுங்கள். ஸ்குறூவில் சவர்க்காரம் தேய்த்தால் இலகுவாக இறங்கும்.

புது இடத்தில் ஸ்குறூ போடுவதென்றால், பாலையிலும் முதிரையிலும் துளை போடாமல் ஏற்றவே முடியாது. 4 மில்லிமீற்றர் ஸ்குறூவுக்கு 3 மில்லிமீற்றர் துளை. ஆழம் தெரிய, துளைக்கும் அலகில் ஸ்குறூ நீளத்துக்குச் சைக்கிள் ரியூப் வளையம் ஒன்றை இறுக மாட்டுங்கள். வளையம் மரத்தைத் தொட்டதும் நிறுத்தலாம். அளவெடுக்க நாடா வேண்டாம். றீப்பைத் (மெல்லிய மரச் சட்டம்) துண்டொன்றை அந்த இடத்தில் வைத்து, தேவையான இடத்தில் வாளால் ஒரு கீறு போட்டு, அந்தக் கீறை நகத்தால் அறிந்து மற்ற இடத்துக்கு மாற்றுங்கள். எண்ணே தேவைப்படாது.

துளைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கண் தெரியாதவருக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். மரத்தூள் விழுந்தால் எந்தக் கண்ணும் நோகும்.

மின்சாரம்

இதில் எல்லை போட்டுக்கொள்வது நல்லது. பிளக் வயரின் நிறத்தை விரல் அறியாது. மண்ணிறம் உயிர் வயர், நீலம் நியூற்றல், பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது எர்த், பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும். பி மை ஐஸ் செயலியில் தன்னார்வலர் ஒருவர் கைபேசிக் கமரா வழியாக நிறம் சொல்வார். ஸ்பனரில் உள்ள அளவைப் படிக்க அது நல்ல உதவி. 230 வோல்ற் ஓடும் வயரைத் தொலைவில் இருக்கும் ஒருவரின் சொல்லை நம்பிப் பூட்டாதீர்கள். வயர் வேலையைப் பக்கத்தில் நிற்கும் கண் தெரிந்தவரிடம் விடுங்கள்.

உங்கள் கையில் இருக்க வேண்டியது இரண்டு. மின்பெட்டியில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, அறல்டைற் பசைத் துளிகளால் 1, 2, 3 மேடு வையுங்கள். ட்ரிப் சுவிட்சில் (மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) துளி பட்டு அசையாமல் ஒட்டிவிடக்கூடாது, பக்கத்துச் சட்டத்தில் வையுங்கள். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். நெம்பு உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, சத்தம் போடும் டெஸ்டர். கடைகளில் மலிவாகக் கிடைப்பது உள்ளே சிறு விளக்கு எரிவது, நமக்கு அது பயனில்லை. வயரைத் தொடாமலே "பீப்" சத்தம் வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் முதலில் வைத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, திரும்பவும் அந்த முதல் பிளக்கில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது தடவை சத்தம் வராவிட்டால் பற்றரி இடையில் தீர்ந்திருக்கிறது, நடுவில் கிடைத்த அமைதியை நம்ப முடியாது. பற்றரியை மாற்றி மூன்று இடத்தையும் திரும்பச் சோதியுங்கள்.