ஒரே அண்டா, மூன்று ஹாப்ஸ்: சிங்கப்பூர் வீவக வீட்டுச் சமையலறையில் பேல் ஏல்

முதல் தடவை ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூ) வாங்கும்போது எல்லாருக்கும் வருகிற ஆசைதான் எனக்கும் வந்தது. சிட்ரா, மொசைக், கேலக்ஸி, சிம்கோ என்று நாலு பாக்கெட் வாங்கி நாலையும் ஒரே பியரில் கொட்டினேன். ரோஜாக்கில்கூட அன்னாசி எது, வெள்ளரி எது என்று நாக்கு கண்டுபிடித்துவிடும், இதில் ஒன்றும் பிடிபடவில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதனால் நன்றாக இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் அதையே இன்னொரு தடவை செய்யவும் வராது. அப்புறம்தான் இந்த வழிக்கு வந்தேன்: ஒரே அண்டாவில் காய்ச்சி, மூன்று ஜாடியாகப் பிரித்து, ஜாடிக்கு ஒரு ஹாப்ஸ்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர், ஒயின் போன்றவற்றைப் புளிக்கவைக்கலாம், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. விற்கக்கூடாது, வாலை வடிக்கக்கூடாது. "காய்ச்சுகிறேன்" என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் சொன்னதும் அவர் மனதில் வந்தது ஊறல் பானையும் போலீஸும்தான், அதனால் இப்போதெல்லாம் "பியர் போடுகிறேன்" என்று மட்டும் சொல்கிறேன்.

பாத்திரத்துக்கு அலைய வேண்டாம். தேக்கா பக்கம் பிரியாணிக்கு வாங்குகிற எவர்சில்வர் அண்டா போதும், 20 லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டும். அதில் 17 லிட்டர் குழாய்த் தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கிறது, அது குளோரின் மாதிரி கொதித்தவுடன் பறந்துவிடாது, மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சேர்ந்து மருந்து வாடை கொடுக்கும். கேம்ப்டன் மாத்திரையில் கால் துண்டை நசுக்கிப் போட்டால் சில நிமிடத்தில் அந்தத் தொல்லை தீர்ந்தது. கூடவே 3 கிராம் ஜிப்சம், கசப்பு கொஞ்சம் கூர்மையாகத் தெரியும்.

மால்ட் விஷயத்தில் கஞ்சமாக இருங்கள். 2.7 கிலோ பேல் மால்ட், அவ்வளவுதான், கேரமல் மால்ட் எல்லாம் ஹாப்ஸை மூடிவிடும். துணிப்பையில் மால்ட்டைப் போட்டு 69 டிகிரி தண்ணீரில் இறக்கினால் 66, 67-இல் வந்து நிற்கும், மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். பையைத் தூக்கி வடியவிட்டுக் கொதிக்க வையுங்கள், அதுவும் ஒரு மணி நேரம். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் சமையலறைச் சுவரெல்லாம் வியர்க்கும்.

கொதி ஆரம்பித்ததும் மேக்னம் என்ற ஹாப்ஸ் 11 கிராம். பாக்கெட்டில் ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், கசப்பு வருவது அதிலிருந்துதான். 12 சதவீத மேக்னம் 11 கிராம் போட்டால் 12 லிட்டருக்கு ஏறக்குறைய 25 ஐபியூ (பியரின் கசப்பை அளக்கும் அலகு) கிடைக்கும். அதே கசப்பை 6 சதவீத கேஸ்கேடில் எடுக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு போட வேண்டும். மேக்னம் எதற்கென்றால், அதற்கென்று பெரிய வாசனை கிடையாது, மூன்று ஜாடிக்கும் கசப்பு ஒரே மாதிரி அமையும். கடைசி பத்து நிமிடத்தில் இன்னொரு ஹாப்ஸ் கொஞ்சம் தூவலாமே என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கொதியில் ஹாப்ஸ் கலந்துவிட்டால் மூன்று ஜாடியிலும் அந்த வாசனைதான் அடிக்கும்.

ஆறவைப்பதுதான் இந்த ஊரில் பெரிய பாடு. குழாயில் வரும் தண்ணீரே 28, 29 டிகிரி, செம்புக்குழாய்ச் சுருளை விட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. காப்பிக்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி வந்து சிங்க்கில் கொட்டி அதில் அண்டாவை உட்கார வையுங்கள்.

ஆறியதை ஒரு பெரிய ஜாடிக்கு மாற்றி ஈஸ்ட் போடுங்கள்: யூஎஸ்-05, 18 முதல் 20 டிகிரி. நம் அறை வெப்பத்தில் விட்டால் ஈஸ்ட்டே பழ வாசனை கிளப்பும், பிறகு மாம்பழம் ஹாப்ஸில் வந்ததா ஈஸ்ட்டில் வந்ததா என்று பிரிக்க முடியாது. தனி ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஜாடியை அதில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். நார்வேயிலிருந்து வரும் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியில்கூடச் சந்தோஷமாக வேலை செய்யும், எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் அதற்கே ஆரஞ்சு மணம் உண்டு, இந்தச் சோதனைக்கு ஆகாது.

ஐந்தாறு நாளில் புளிப்பு, அதாவது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று பியராக்கும் வேலை, அடங்க ஆரம்பிக்கும். முழுசாக அடங்குவதற்குள், அடிமண்டியை விட்டுவிட்டு, மூன்று சின்ன ஜாடிக்கும் பிரியுங்கள், ஜாடிக்கு மூன்றரை லிட்டர் வரும். குழாயின் நுனி ஜாடியின் அடியைத் தொடட்டும், சலசலவென்று விழவிடாதீர்கள், ஜாடி கிட்டத்தட்டக் கழுத்துவரை நிறையட்டும். காற்று பட்டால் ஹாப்ஸ் மணம் செத்துவிடும். மிச்சம் இருக்கிற புளிப்பு உள்ளே போன கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்பதால்தான் அவசரப்படச் சொல்கிறேன். ஜாடிக்கு 18 கிராம் ஹாப்ஸ், மூன்று நாள். அதற்கு மேல் விட்டால் புல் வாடை வரும், அருகம்புல் சாறு குடித்தவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் நான் அடி வாங்கினேன். மூன்றாம் நாளே பாட்டிலில் அடைத்துவிட்டேன். ஹாப்ஸில் சில என்சைம்கள் இருக்கின்றன, ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாவுச்சத்தை அவை சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும், புளிப்பு மறுபடி கிளம்பும். பத்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் நுரை மின்விசிறிவரை போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பத்தை மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போனாள். ஆகவே மூன்றாம் நாள் ஹாப்ஸை எடுத்துவிடுங்கள், ஆனால் ஹைட்ரோமீட்டர் (பியரில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவை) இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டும்வரை அடைக்க வேண்டாம். பிறகு இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துத் தெளியவிட்டு, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போட்டு அடையுங்கள். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்தால் அமுக்கிப் பார்த்தே வாயு ஏறியதா என்று தெரியும். நம் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும், அதோடு எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

எந்த மூன்று? ஒன்று கண்டிப்பாகக் கேஸ்கேட். 1972-இல் வெளியானது, 1980-இல் சியரா நெவாடா பேல் ஏல் வந்ததும் இதை நம்பித்தான். புத்தகங்களில் கிரேப்ஃப்ரூட் என்று எழுதியிருப்பார்கள், எனக்கு அது பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் வருகிற வாசனை. இரண்டாவது சிட்ரா: மாம்பழம், லைச்சி, எலுமிச்சை. மூன்றாவது இவை இரண்டுக்கும் தூரத்துச் சொந்தமாகக்கூட இல்லாத ஒன்றாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி பேஷன் ஃப்ரூட் மாதிரி. நியூசிலாந்தின் நெல்சன் சோவின் வெள்ளை ஒயின் பக்கம் போகும். ஜப்பானின் சொராச்சி ஏஸில் எனக்கு செராய் (எலுமிச்சைப்புல்) வாசனை அடிக்கும், மீன் கறியோடு நன்றாகப் போகும், பலருக்குப் பிடிக்காது. சிம்கோ குங்கிலியம் மாதிரி. பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பாமல் உங்கள் மூக்குக்கு எது தோன்றுகிறதோ அதை எழுதி வையுங்கள். மீதமான ஹாப்ஸைக் காற்றை வெளியேற்றிக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள், வெளியே கிடந்தால் நாளாவட்டத்தில் பழைய சீஸ் நாற்றம் வரும்.

குடித்துப் பார்க்கும்போது எது எந்த ஜாடி என்று தெரியக்கூடாது, வேறு யாரையாவது ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது மச்சான் வேலை. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும். சிட்ராவையும் மொசைக்கையும் இப்படி வைத்தபோது நான் இரண்டு தடவை தோற்றேன், இத்தனைக்கும் பியர் போட்டவன் நான். அடுத்த வீட்டு அங்கிள் இரண்டு தடவையும் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். "இதுல வெங்காய வாடை வருது தம்பி" என்றார். மொசைக்கில் சிலருக்கு அப்படித் தெரியும் என்று படித்திருக்கிறேன், ஆனால் அவர் சொன்ன பிறகு எனக்கும் வெங்காயம்தான் வருகிறது, மிச்சம் எட்டு பாட்டில் இருக்கிறது.