பள்ளியைக் கேள்வி கேட்கும் ராக் பாடலை மாணவர்களோடு கேட்கும் முறை

பள்ளிக்கூடங்கள் நெருங்கி நிற்பதால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் பெற்ற பாளையங்கோட்டையில், பள்ளியையே விமர்சிக்கும் ஒரு பாடலைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்பது எப்படி என்பதை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சில ஞாயிறு மாலைகளில் செய்து பார்த்ததைக் கொண்டு எழுதுகிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழு 1979இல் வெளியிட்ட ‘தி வால்’ தொகுப்பிலுள்ள ‘அனதர் பிரிக் இன் தி வால்’ பாடலின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வரும் சிறு பாடலையும் சேர்த்தே ஒலிக்கவிட வேண்டும். பிள்ளைகளை இழிவுபடுத்தும் ஆசிரியர்கள் தம் வீட்டில் மனைவியரிடம் அடிபடுவதாக அதில் வருகிறது. இதைத் தவிர்த்துவிட்டால் மிஞ்சுவது ஆசிரியரைத் திட்டும் பாட்டு மட்டுமே. சேர்த்துக் கேட்டால்தான், மேலிருந்து வாங்கிய அடியைக் கீழே இறக்கிவைக்கும் ஓர் ஏற்பாட்டைப் பாடலை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் சாடுகிறார் என்பது புரியும்.

முதல் முறை பாடல் வரிகளைத் தாளில் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் அது இன்னொரு ஆங்கில வகுப்பாகிவிடும். குரல் மாறும் இடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பாடிய அதே வரிகளை, லண்டனின் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள் மீண்டும் பாடுகிறார்கள். ஒலிப்பதிவில் அவர்கள் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் ஒரு பள்ளியே திரண்டு பாடுவதுபோல் கேட்கிறது. இரண்டாம் முறை, எங்களுக்குக் கல்வி வேண்டாம் என்று பொருள்படும் ‘வீ டோன்ட் நீட் நோ எஜுகேஷன்’ என்ற முதல் வரியை விளக்குங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள் வருவதைச் சிவப்பு மையால் சுழிக்கத் தோன்றும். அந்தப் பிழையைத் திருத்தாமல் பாடுவதே அவ்வரியின் பலம். 1980இல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறிக் கல்விமுறையை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் இதைப் பாடியதால் அரசு பாடலுக்குத் தடை விதித்தது.

இது வெள்ளைக்காரன் பிரச்சினை என்று ஒருவராவது சொல்வார். அப்போது பாரதியிடம் வாருங்கள். ஆங்கிலக் கல்விக்காகத் தந்தை தம்மை நெல்லைக்கு அனுப்பியதை, சிங்கக்குட்டியைப் புல் தின்ன அனுப்பியதற்கு ஒப்பிட்டு அவர் தன்வரலாற்றுக் கவிதையில் பாடியிருக்கிறார். அவர் படித்த பள்ளி இந்தத் திருநெல்வேலியில்தான் இருக்கிறது.

பிறகு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ‘கல்வி’, ‘சமூகம்’ போன்ற பெரிய சொற்களை விலக்கி, தினமும் கையில் படும் பொருளிலிருந்து தொடங்கச் செய்வது நல்லது. எங்கள் மாடியில் ஒரு மாணவி, மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையில் இடப்பக்க ரிப்பன் அவிழ்ந்ததற்காகப் பிரேயரில் தனியாக நிறுத்தப்பட்டதை நான்கு வரியில் எழுதினாள். ரிப்பனை மறுபடி கட்ட விரல் நடுங்கியது என்பதோடு நிறுத்திவிட்டாள். அதை வாசித்தபின் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

மெட்டுக்குக் கிட்டார் தேவையில்லை. நம் வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போடுவார்கள். அந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் மூன்று வரிகளுக்கு ‘ஆமா’ என்றும், நான்காவது வரிக்கு ‘ஏன்?’ என்றும் எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்கட்டும். குடம் இல்லாவிட்டால் பெஞ்சுப் பலகையைத் தட்டலாம். அந்த ‘ஏன்?’ எழும்போது பெரியவர்கள் யாரும் கூடச் சேர்ந்து பாடக் கூடாது.