மேல்கழுத்து முறிவு: எடை தொங்கவிடும் முன்

மேல்கழுத்து முறிந்தவருக்குக் காலர் (கழுத்துப்பட்டை) போட மறப்பது, மயங்கிக் கிடப்பவரைத் தலை பிடிக்காமல் புரட்டுவது போன்ற பிழைகளை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்கிறார்கள். இங்கே எழுதுவது படித்த மருத்துவர்களே செய்யும் பிழைகளைப் பற்றி. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் அவற்றையே திரும்பச் செய்கிறது.

மண்டையோட்டின் அடிக்கும் கழுத்தின் முதல் எலும்பான அட்லஸுக்கும் இடையில் வட்டு (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) கிடையாது. அட்லஸுக்கும் அடுத்த எலும்பான ஆக்சிஸுக்கும் இடையிலும் கிடையாது. கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. அவ்வளவு அசைவையும் பிடித்து நிறுத்துபவை எலும்பை எலும்போடு கட்டும் நார்களான லிகமெண்டுகள். அட்லஸ் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஸிலிருந்து மேலே நீளும் ஓடண்டாய்டு முனை, ஒரு பங்கு தண்டுவடம், மீதி வெற்றிடம். அந்த வெற்றிடம் இருப்பதால்தான் கழுத்து குலைந்தவரும் கைகால் அசைத்துக்கொண்டு நடந்து வருகிறார். நரம்பு நன்றாக இருக்கிறது என்பதை எலும்பு உறுதியாக இருக்கிறது என்று படித்துவிடக் கூடாது.

முறிவு என்றதும் இழுப்பது

இரவுப் பணியில் இது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. வாகன விபத்தில் வந்தவரின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஆக்சிஸின் முன்னுடலையும் பின்வளைவையும் சேர்க்கும் பகுதி இருபுறமும் உடைந்திருக்கிறது. ஹேங்மேன் முறிவு. கீழ்க்கழுத்து விலகலை எடை தொங்கவிட்டுச் சேர்த்த பழக்கம் கையில் இருக்கிறது. டாங்ஸ் (மண்டையோட்டைக் கவ்வும் இடுக்கி) மாட்டி, எடையைத் தொங்கவிட்டு, காலையில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று போய்விடுகிறார்கள். காலைப் படத்தில் ஆக்சிஸுக்கும் மூன்றாம் எலும்புக்கும் இடையே பின்புறம் அகலத் திறந்து கிடக்கிறது.

அது ஹேங்மேன் முறிவுகளில் 2ஏ என்று பிரிக்கும் வகை. சாதாரண 2ஆம் வகையில் கழுத்து மேலிருந்து அழுந்தி, பின்னோக்கி வளைந்து உடைந்து, அதன்பின் முன்னால் மடிகிறது. மூன்றாம் எலும்பின்மேல் ஆக்சிஸின் நழுவல் 3 மி.மீட்டரைத் தாண்டும், முறிவுக்கோடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். 2ஏ வகையோ முன்னோக்கி மடிந்தபடியே இழுபட்டுப் பிளந்தது. நழுவல் சொற்பம், சாய்வு மட்டும் அதிகம், கோடும் கிடைநிலையை நோக்கிப் படுத்திருக்கும். வட்டு பின்புறத்திலிருந்து கிழிந்திருக்கும். முன்புற நீள லிகமெண்ட் மட்டும் கீல்போலப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுபட்டுப் பிளந்ததை இன்னும் இழுத்தால் எப்படிச் சேரும்? கதவு திறப்பதுபோலத்தான் திறக்கும். இதற்கு வேண்டியது படத்தைப் பார்த்தபடியே கழுத்தை மெல்லப் பின்னோக்கி நிமிர்த்தி, லேசாக அழுத்தி, அதே நிலையில் ஹேலோ வெஸ்ட் (மண்டையோட்டில் ஊசிகளால் பதித்த வளையத்தை மார்புக்கவசத்தோடு இணைக்கும் கருவி) மாட்டுவது. ஏறக்குறைய 12 வாரம்.

இதைவிட மோசம், மண்டையோடே அட்லஸிலிருந்து பிரிந்த காயத்தில் எடை தொங்கவிடுவது. அங்கே எடை இழுப்பது தண்டுவடத்தையும் மூளைத்தண்டையும்தான். காலர்கூடத் தாடையை மேலே தள்ளி இடைவெளியைக் கூட்டலாம். சி.டி.யில் மண்டையடியில் தண்டுவடம் இறங்கும் துளையின் முன்விளிம்பிலிருந்து ஓடண்டாய்டு நுனிவரை அளந்து பாருங்கள். பெரியவர்களில் 8.5 மி.மீட்டருக்கு மேல் போனால் டாங்ஸைத் தொட வேண்டாம். தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்து, நெற்றியில் பட்டை ஒட்டி அசையாமல் வைத்து, மண்டையோட்டிலிருந்து கீழ்நோக்கி இணைக்கும் அறுவைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இவை இரண்டும் இல்லை என்று மெல்லிய வெட்டு சி.டி.யின் நடுக்கோட்டுப் படத்திலும் இருபக்க மூட்டுப் படங்களிலும் உறுதியான பிறகுதான் எடை. அதுவும் முதலில் 2 கிலோ அளவுக்குமேல் வேண்டாம். தொங்கவிட்ட உடனே, அங்கேயே நின்று, பக்கவாட்டுப் படம். எங்காவது இடைவெளி கூடியிருந்தால் எடையை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு படத்துக்கு அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

"நின்ற இடத்தில்தானே விழுந்தார்"

65 வயதைத் தாண்டியவருக்கு அது போதும். ஓடண்டாய்டின் அடிப்பகுதி முறிவு இவர்களிடம் இப்படித்தான் நேர்கிறது. வாய் திறந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் பல்லும் மண்டையோட்டு நிழலும் கோட்டை மறைத்துவிடும், அதனால் நேரே சி.டி. கண்டுபிடித்த பிறகு செய்யும் தவறு இன்னொன்று: இளைஞருக்கு மாட்டுவதுபோல ஹேலோ மாட்டுவது. வயதானவர்களுக்கு விழுங்குவது சிரமமாகி, உணவு நுரையீரலுக்குள் போய், நிமோனியாவில் உயிர் போகலாம். உடல் தாங்குமென்றால் பின்பக்க இணைப்பு அறுவை, தாங்காதென்றால் கடினக் காலர். எலும்பு கூடாமல் நார்த்திசுவால் உறுதியாகப் பிடித்துக்கொண்டாலும் தளர்ந்தவர்களுக்கு அது ஏற்கத்தக்க முடிவே.

முதல் நாளே குனிந்து நிமிரச் சொல்வது

கழுத்து உறுதியா என்று பார்க்க அப்படி எடுக்கும் எக்ஸ்ரே முதல் நாளில் வேண்டாம். தசை இறுகியிருக்கும்போது குலைந்த கழுத்தும் அசையாமல் நின்று ஏமாற்றும்.

7 மி.மீ. கணக்கு

அட்லஸ் வெடித்து முறிந்தால் அதன் பக்கத்துண்டுகள் ஆக்சிஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரு பக்க நீட்டலின் கூட்டுத்தொகை 7 மி.மீட்டரை நெருங்கினால், ஓடண்டாய்டை அட்லஸோடு பிடித்து வைக்கும் குறுக்கு லிகமெண்ட் அறுந்திருக்கலாம். அதற்குக் குறைவென்றால் அறவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. எம்.ஆர்.ஐ. பாருங்கள். நடுவில் அறுந்த லிகமெண்ட் தானாகச் சேராது, இணைப்பு அறுவை வேண்டும். எலும்புத் துண்டோடு பெயர்ந்திருந்தால் ஹேலோவில் ஒன்றுசேர வாய்ப்புண்டு.

பழைய எலும்பைப் புது முறிவு என்பது

ஓரம் வழவழப்பாக, உருண்டு, தடித்த வெள்ளை விளிம்போடு தனித்து நிற்கும் ஓடண்டாய்டு துண்டு நேற்று உடைந்ததல்ல. ஆனாலும் அது நிலையற்றதாக இருக்கலாம்.

முன்பக்க ஸ்க்ரூ எல்லாருக்கும்

ஓடண்டாய்டு முறிவை முன்பக்கமிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவது எல்லாருக்கும் பொருந்தாது. முறிவுக்கோடு பின்மேலிருந்து முன்கீழாக இறங்கினால் ஸ்க்ரூ இறுகும்போதே துண்டு வழுக்கும். குறுக்கு லிகமெண்ட் அறுந்திருந்தாலும் இது உதவாது.

கூன் விழுந்த கழுத்தை நேராக்குவது

முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய மூங்கில் முதுகு நோயாளிக்கு அவருடைய பழைய வளைவுதான் நேர். தலைக்கடியில் தலையணை அடுக்கி, கிடந்தபடியே வையுங்கள்.

ஹேலோ ஊசிகள்

பெரியவர்களுக்கு இறுக்கும் முறுக்குவிசை 8 அங்குல-பவுண்ட். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். அதன்பின் தளர்ந்த ஊசியைத் திரும்பத் திரும்ப முறுக்கினால் மண்டையோட்டைத் துளைக்கும். எதிர்ப்பு தட்டவில்லையென்றால் வேறு இடத்தில் புதிய ஊசி.

ரத்தக்குழாயைப் பார்க்காமல் பின்பக்க ஸ்க்ரூ

முதுகெலும்புத் தமனி ஆக்சிஸுக்குள் எவ்வளவு உயரத்தில் வளைகிறது என்பது ஆளுக்கு ஆள், பக்கத்துக்குப் பக்கம் மாறும். முறிவே தமனியைக் கிழித்திருக்கவும் கூடும். ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுத்து இருபுறமும் தனித்தனியே பாருங்கள். தமனி உயரே ஏறிய பக்கத்தில் பெடிக்கிள் (எலும்பின் பக்கத் தூண்) வழியை விட்டு, ஆக்சிஸின் பின்தகட்டில் ஸ்க்ரூ போடுங்கள். அட்லஸ் பின்வளைவின் மேல்விளிம்பில் நடுக்கோட்டிலிருந்து 1 செ.மீட்டருக்கு அப்பால் தசையைப் பிரிக்க வேண்டாம்; தமனி அங்கேதான் படுத்திருக்கிறது.