சீனா கைவிட்ட போர் விமானங்கள்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

சீனாவின் ஜே-9 போர் விமானம் 1970-களில் பறந்தது என்று எங்காவது படித்தால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். ஜே-9 ஒருநாளும் பறந்ததில்லை. முன்மாதிரி விமானம்கூடக் கட்டி முடிக்கப்படவில்லை. இராணுவ வண்ணம் பூசி, வால் எண் போட்டு, மேகத்துக்கு மேலே அது பறப்பது போலச் சுற்றும் படங்களெல்லாம் பிற்காலத்து ஓவியர்களின் கைவண்ணம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. கைவிட்ட திட்டம் என்றாலே காகிதத்தோடு போயிற்று என்று முடிவு கட்டிவிடுவது. நான்சாங் நகரில் உருவான ஜே-12, 1970 டிசம்பர் 26 அன்று வானேறியது. வெற்று எடை 3 டன்னைச் சற்றே தாண்டும் குட்டி விமானம். குறுகிய ஓடுபாதையே அதற்குப் போதும். ஆனால் அவ்வளவு சின்ன உடம்பில் எரிபொருளும் ஆயுதமும் எவ்வளவுதான் ஏற்ற முடியும்? 1970-களின் பிற்பகுதியில் அதையும் மூடிவிட்டார்கள். ஒன்றைப் பெய்ஜிங்குக்கு வடக்கே உள்ள சீன விமான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு திட்டத்தைப் பற்றி எழுதுமுன் அது வரைபடத்தில் நின்றதா, செயற்கைக் காற்றோட்டத்தில் சோதிக்கும் காற்றுச் சுரங்க மாதிரி வரை வந்ததா, பறந்த பிறகு நின்றதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெயர்களும் எண்களும் இன்னொரு பொறி. இன்று ஜே-11 என்றால் ரஷ்யாவின் சு-27-ஐ உரிமம் பெற்றுச் சீனா தயாரித்த விமானம். ஆனால் அதே எண்ணில் ஷென்யாங் நகர விமான நிறுவனம் அதற்கு வெகு முன்பே வேறொரு விமானத்தைத் திட்டமிட்டுக் கைவிட்டிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ‘தோங்ஃபெங்’ என்றதும் ஏவுகணை என்று நினைப்பதும் அப்படித்தான். 1950-களின் கடைசியில் வரையப்பட்ட தோங்ஃபெங்-107, தோங்ஃபெங்-113 இரண்டும் போர் விமானங்கள்.

இந்த இரண்டின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 107 ஷென்யாங்கின் திட்டம், ஓரளவு அடக்கமானது. 113 ஹார்பின் இராணுவப் பொறியியல் கழகத்தில் பிறந்தது, மேக் 2.5 (ஒலியைப் போல இரண்டரை மடங்கு) வேகம், 25,000 மீட்டர் உயரம் என்று இலக்கு வைத்தார்கள். ஒரே தாவலில் நாட்டை முன்னேற்றிவிடத் துடித்த மாவோவின் ‘மாபெரும் பாய்ச்சல்’ காலம் அது, பெரிதாகக் கேட்பவருக்கே மதிப்பு. 113-க்காக 107-ஐ ஓரங்கட்டினார்கள். அவ்வளவு வேகத்தின் வெப்பத்தைத் தாங்கும் உலோகமோ, அதை இழுக்கும் என்ஜினோ கையில் இல்லை. கடைசியில் 113-உம் போயிற்று.

அடுத்து, எல்லாப் பழியையும் அரசியல் மேல் போடுவது. சோவியத் நிபுணர்கள் 1960-இல் கிளம்பிப் போனதும் கலாசாரப் புரட்சியும் பெரிய அடிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜே-8 அந்தப் புரட்சியின் நடுவிலேயே, 1969 ஜூலை 5 அன்று பறந்துவிட்டதே! ஜே-9 மட்டும் ஏன் பறக்கவில்லை? 1964 வாக்கில் ஷென்யாங்கில் ஒரே மேசையில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, சோவியத் மிக்-21 விமான என்ஜின் வழியில் வந்த டபிள்யூபி-7 என்ஜின்களில் இரண்டைப் பூட்டிய பெரிய விமானம். அது ஜே-8 ஆனது. மற்றது, புதிதாக உருவாகும் ஒற்றை டர்போஃபேன் (முன்னால் விசிறி வைத்த ஜெட்) என்ஜினை நம்பிய விமானம். அதுதான் ஜே-9. அது நம்பியிருந்த டபிள்யூஎஸ்-6 என்ஜின் 1964-இல் தொடங்கி 1980-கள் வரை இழுத்தும் படைக்கு வந்து சேரவே இல்லை. இடையில் 1970-இல் ஜே-9 செங்டூ நகருக்கு மாற்றப்பட்டது. வால் வைத்த டெல்டா (முக்கோண இறக்கை), வாலில்லாத டெல்டா, இறக்கைக்கு முன்னால் சின்னதாக முன்சிறகு வைத்த டெல்டா என்று வடிவம் மாறிக்கொண்டே போனது. வேக இலக்கும் ஏறியது. 1980-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். ஷென்யாங் கைவிட்ட இன்னொரு விமானமான ஜே-13-க்கும் என்ஜின்தான் தலைவலி. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் விமானத்தின் மூக்கைப் பார்க்கும் முன் என்ஜின் இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஜே-12 பறந்ததும் அதனால்தான். பழைய ஜே-6 போர் விமானத்தில் ஓடித் தேய்ந்த என்ஜினின் மேம்பட்ட வடிவம் அதற்குக் கிடைத்தது.

சரி, அதிகம் சண்டை நடக்கும் இடத்துக்கு வருவோம்: சீனாவின் ஜே-10 போர் விமானம், இஸ்ரேல் கைவிட்ட லாவி போர் விமானத்தை அப்படியே பிரதியெடுத்ததா? லாவியை இஸ்ரேல் அமைச்சரவை 1987 ஆகஸ்ட் 30 அன்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ரத்து செய்தது. ஜே-10 திட்டத்துக்குச் சீனா 1986-லேயே ஒப்புதல் தந்திருந்தது. முன்சிறகும் டெல்டா இறக்கையும் செங்டூவுக்கு ஜே-9 காலத்திலிருந்தே பழக்கம். ஜே-10-இன் தலைமை வடிவமைப்பாளர் சோங் வென்சோங்கும் செங்டூவில் இருந்தவர். அதற்காக இஸ்ரேல் உதவி பற்றிய பேச்சு முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது; அமெரிக்க அதிகாரிகளே அந்தக் குற்றச்சாட்டை வைத்திருக்கிறார்கள். ‘காப்பி’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்களும், ‘முழுக்கச் சுயம்’ என்பவர்களும் ஜே-9 ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், ரத்தான ஒப்பந்தத்தை ரத்தான விமானமாக எழுதிவிடுவது. அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனத்தோடு சேர்ந்து பழைய ஜே-7 போர் விமானத்தை மேம்படுத்தும் சூப்பர்-7 திட்டம் 1989 தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு முறிந்தது. சீனா அந்த எண்ணத்தைக் கைவிடாமல் மாற்றி வளர்த்து, பாகிஸ்தானோடு சேர்ந்து 2003-இல் ஜேஎஃப்-17 ஆகப் பறக்கவிட்டது. அதே 1989-இல் தடைபட்ட ‘பீஸ் பேர்ல்’ திட்டமும் இப்படியே தவறாகச் சொல்லப்படுகிறது. அதில் நின்றுபோனது ஜே-8-இன் மேம்பட்ட ரகமான ஜே-8II-க்கு அமெரிக்க ராடாரும் மின்னணுக் கருவிகளும் பொருத்தும் ஏற்பாடு மட்டும்தான். விமானம் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. 2001 ஏப்ரலில் ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானத்தோடு மோதியது அந்த ரகம்தான்.