தரைத்தள வீடு கேட்டு மனு எழுதுவது எப்படி?

திங்கட்கிழமை காலையில் சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்தால், மடக்கு மேஜை போட்டு மனு எழுதுகிறவர்களைப் பார்க்கலாம். அதில் ஒருவன் நான். “உடம்பு முடியலைங்க, அவசரம்னு போட்டு வீடு கேட்டு எழுதுங்க” என்று வாராவாரம் யாராவது வருவார்கள். அவசரம் என்ற சொல் அன்றைக்கு உள்ளே போகிற எல்லா மனுவிலும் இருக்கும். அதனால் அதை நான் எழுதுவதில்லை.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர் வந்தார். மனைவிக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கான குலுக்கலில் மூன்றாவது மாடியில் வீடு விழுந்திருக்கிறது. ‘மிகுந்த மனவேதனையுடன்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் ‘வீடு ஒதுக்கித் தர வேண்டும்’ என்று முடித்தேன். ‘ஏற்கெனவே வீடு ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. தப்பு என்னுடையது, தரைத்தளம் என்ற சொல்லே மனுவில் இல்லை.

அடுத்த முறை, “மொத்தம் எத்தனை படி?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன். 54. டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பத்துக்குத் திருப்பம் தூக்கி வைப்பாராம். அவர் மனைவி உட்கார்ந்து உட்கார்ந்து ஏற 40 நிமிஷம். அதை அப்படியே நான்கு வரியில் எழுதினேன். ‘மூன்றாம் தள வீட்டுக்குப் பதிலாக அதே குடியிருப்பில் தரைத்தள வீடு’ என்று கோரிக்கையை முதல் வரியிலேயே வைத்தேன். காலியாக இருக்கிற கதவு எண் தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

டாக்டர் சான்றும் அப்படித்தான். நோயின் பெயர் மட்டும் போதாது. ‘மாடிப்படி ஏறக் கூடாது’, ‘சக்கர நாற்காலி தேவை’ என்று ஒரு வரி வேண்டும். மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி கூட்டத்தில் டாக்டருக்கு ஏது நேரம்? அந்த வரி வேண்டும் என்று ஓ.பி. சீட்டோடு ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சிகிச்சைக்காகக் கீழே சேலத்தில் வீடு கேட்டு ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் படி பிரச்சினையில்லை, மலைப்பாதைதான். எந்த ஊரிலிருந்து எத்தனை மணி பஸ், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வாரம் எத்தனை தடவை வருகிறார்கள் என்பதை எழுத வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 37: அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் இட ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று இருக்க வேண்டும். சர்க்கரையால் காலை எடுத்தவர்கள் பலர் இந்தச் சான்றே வாங்காமல் இருக்கிறார்கள். சிறுநீரகச் செயலிழப்பு அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சான்றுதான் பலம்.

மற்றபடி ஆதார், ரேஷன் கார்டு, இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்று. புதிதாக வீடு கேட்டால் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக் கூடாது. எல்லாம் நகல்தான், அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

மனுவைப் பதிந்ததும் தருகிற எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதில் ‘ஏன் தரவில்லை’ என்று சண்டை போடாமல், ‘இந்த எண் மனு இப்போது எந்த அலுவலர் மேஜையில் இருக்கிறது’ என்று கேளுங்கள்.

தரைத்தளத்துக்காரர் யாராவது மாடிக்குப் போகச் சம்மதித்தால் இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்களாகவே சாவியை மாற்றிக்கொள்ளாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணை யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அந்த வீட்டுக்காரர்.